ஒரே கார்டு, நாலு நம்பர்: டைம் ஆபீஸ் தங்கச்சிக்கு அக்காவோட டிப்ஸ்

நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு நீ ஃபோன் பண்ணினப்ப நான் தோசைக்கல்லுகிட்ட நின்னுட்டிருந்தேன். "அக்கா, கார்டு மேல ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கு. கேட் ரீடர் வேற நம்பர் காட்டுது. மேஜை மேல இருக்கிற யூஎஸ்பி ரீடர் இன்னொண்ணு அடிக்குது. பழைய எக்செல் லிஸ்ட்ல நாலாவதா ஒண்ணு இருக்கு. கார்டெல்லாம் கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டே. தோசை தீஞ்சதுதான் மிச்சம். ஃபோன்ல சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை இது. அதான் உட்கார்ந்து எழுதறேன்.

முதல் பதில்: கார்டு கெட்டுப்போகலை. நம்ம அம்மாவை நீயும் நானும் அம்மாங்கறோம். மாமா பசங்க அத்தைங்கறாங்க, சித்தி பசங்க பெரியம்மாங்கறாங்க. கூப்பிடற பேர் மூணு, ஆள் ஒண்ணுதானே? கார்டும் அப்படித்தான். உள்ளே இருக்கிற சிப்புல பூஜ்யமும் ஒண்ணுமா ஒரு வரிசை இருக்கு, அவ்வளவுதான். அதை எந்த இடத்துல வெட்டி, எந்தப் பக்கத்துல இருந்து படிச்சு, எந்தக் கணக்குல சொல்றதுங்கறது ரீடரோட பழக்கம். அந்தப் பழக்கம் தெரிஞ்சா போதும், எந்த நம்பரும் உன்னைப் பயமுறுத்தாது.

(ஆங்கில எழுத்து வர்ற இடத்துல ஏ, பி, சின்னு தமிழ்லயே எழுதியிருக்கேன். கம்ப்யூட்டர்ல அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிச்சுக்கோ.)

1. முதல்ல கார்டு எந்த ரகம்னு பாரு

மில்லு, காலேஜ், ஹாஸ்டல்னு நம்ம பக்கம் புழங்கற கார்டு பெரும்பாலும் ரெண்டு ரகம். ஒண்ணு 125 கிலோஹெர்ட்ஸ். 'ப்ராக்ஸிமிட்டி கார்டு'ன்னு கேட்டு வாங்குவாங்க. இன்னொண்ணு 13.56 மெகாஹெர்ட்ஸ். கடைக்காரர் 'மைஃபேர்'னு சொல்வார். வெளியில பார்க்க ரெண்டும் வெள்ளை அட்டைதான்.

பிரிச்சுப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. என்எஃப்சி இருக்கிற ஃபோனை எடுத்து, ஏதாவது ஒரு என்எஃப்சி ஆப்பைத் திறந்து, கார்டை ஃபோன் முதுகுல வை. ஏதாச்சும் காட்டினா 13.56. கல்லு மாதிரி கம்முனு இருந்தா அநேகமா 125, ஏன்னா அந்த ரகத்தை ஃபோனால படிக்க முடியாது. இதைப் பார்க்காம ரீடர் ஆர்டர் போட்டா, வந்த ரீடர் கார்டைக் கண்டுக்கவே கண்டுக்காது.

2. கார்டு மேல இருக்கிற ரெண்டு நம்பரும் ஒண்ணுதான்

125 ரகக் கார்டுல மூலையில பொடி எழுத்துல இப்படி இருக்கும்: 0009183746 140,08706. முதல்ல பத்து இலக்கம், அப்புறம் ஒரு கமா போட்ட நம்பர். ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு நான் ரொம்ப நாள் ரெண்டு காலம் வச்சு ரெண்டையும் டைப் பண்ணிட்டிருந்தேன்.

கமாவுக்கு முன்னாடி இருக்கிற 140ஐ 65536ஆல பெருக்கு. 91,75,040 வரும். அதோட 8706ஐக் கூட்டு. 91,83,746. முன்னாடி சைபர் போட்டு நிரப்பினா அதே பத்து இலக்கம்! கமாவுக்கு முன்னாடி இருக்கிறதை 'ஃபெசிலிட்டி கோட்'ம்பாங்க. அது 255க்கு மேல போகாது. பின்னாடி இருக்கிறது 65535க்கு மேல போகாது. போனா நீ பார்க்கிறது இந்த வடிவம் இல்லைன்னு அர்த்தம்.

அதே கார்டை ஹெக்ஸ்ல (0-9 எண்ணோட ஏ-எஃப் எழுத்தும் சேர்ந்த கணக்கு; நாம வழக்கமா எழுதறது டெசிமல்) எழுதினா 8சி 22 02. 140ங்கறது 8சி, 8706ங்கறது 2202. சில ரீடர் இதுக்கு முன்னாடி சிப்புல இருக்கிற இன்னும் ரெண்டு பைட்டையும் (ரெண்டு ஹெக்ஸ் இலக்கம் ஒரு பைட்) சேர்த்து 41 00 8சி 22 02ன்னு பத்து இலக்க ஹெக்ஸா கொடுக்கும். அந்த முழு நீளத்தையும் டெசிமல்ல மாத்திச் சொல்ற ரீடர் 279182057986ன்னு பன்னிரண்டு இலக்கம் காட்டும். இன்னொண்ணு கமாவை மட்டும் எடுத்துட்டு 14008706ன்னு ஒட்டிக் கொடுக்கும். இது பார்க்க நல்ல டெசிமல் நம்பர் மாதிரியே இருக்கும், ஆனா இல்லை. என்னை அதிகமா ஏமாத்தினது இந்தக் கடைசி வடிவம்தான்.

ஒரு குறுக்கு வழி சொல்றேன். நீளமான டெசிமலை 1,67,77,216ஆல வகுத்து மீதியை மட்டும் எடு. கமா நம்பருக்குச் சமமான டெசிமல் கிடைச்சிடும். 279182057986ஐ வகுத்துப் பாரு, மீதி 9183746 வரும்.

3. அஞ்சு கார்டு எடு, ஒரு அட்டவணை போடு

ஒரே ஒரு கார்டை வச்சு முடிவு பண்ணாதே. அஞ்சு கார்டு எடு. ஒவ்வொண்ணையும் கேட் ரீடர், மேஜை ரீடர், கேன்டீன் ரீடர்னு இருக்கிற எல்லாத்துலயும் காட்டி, வர்றதை எழுத்து பிசகாம பேப்பர்ல எழுது. முன்னாடி சைபர் இருந்தா சைபரோட எழுது.

ஒரு கார்டு ஏன் போதாது? மைஃபேர் கார்டு ஒண்ணு 29518793ன்னு காட்டுதுன்னு வச்சுக்கோ. எழுத்தே இல்லை, எல்லாம் எண். உடனே டெசிமல்னு நினைப்பே. ஆனா அது ஹெக்ஸ், தற்செயலா எழுத்து விழலை. எட்டு இலக்க ஹெக்ஸ்ல எழுத்தே இல்லாம அமையறதுக்குக் கணக்குப்படி ஆயிரத்துக்கு சுமார் 23 கார்டு வாய்ப்பிருக்கு. எண்ணூறு பேர் வேலை செய்யற மில்லுல பதினெட்டுப் பேர் கார்டு இப்படி இருக்கலாம். அஞ்சுல ஒண்ணுலயாவது ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் ஏதாவது எழுத்து தலைகாட்டிச்சுன்னா ஹெக்ஸ்தான்னு உறுதி பண்ணிக்கலாம்.

4. தலைகீழா படிக்குதான்னு பாரு

மைஃபேர்ல பாதி குழப்பம் இதுதான். 29 51 87 93ங்கற நாலு பைட்டை ஒரு ரீடர் இடமிருந்து படிச்சு 0693208979ன்னு சொல்லும். அடுத்தது கடைசியில இருந்து 93 87 51 29ன்னு படிச்சு 2475118889ன்னு சொல்லும். ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைங்கற மாதிரி தெரியும். டெசிமல்ல வச்சு எவ்வளவு முறைச்சுப் பார்த்தாலும் பிடிபடாது. ரெண்டையும் ஹெக்ஸ்ல மாத்திப் பக்கத்துல பக்கத்துல எழுதினா ஒரு நொடியில தெரிஞ்சிடும்.

விண்டோஸ் கால்குலேட்டர்ல 'புரோகிராமர்' போட்டா மாத்தித் தரும். எக்செல்ல 'டெக்2ஹெக்ஸ்'னு ஃபார்முலா இருக்கு. அதுல 8ன்னு கூடச் சேர்த்துக் கொடுத்தா முன்னாடி சைபரும் நிரப்பிக் கொடுக்கும். திருப்பிப் போடும்போது ரெண்டு ரெண்டு எழுத்தாத்தான் திருப்பணும். எழுத்து எழுத்தாத் திருப்பி 39781592ன்னு எழுதினா அது புதுசா ஒரு தப்பு.

நேரா, தலைகீழான்னு கண்டுபிடிக்க சில கார்டே துப்பு கொடுக்கும். லைப்ரரிப் புத்தகத்துல ஒட்டற ஐஎஸ்ஓ 15693 டேகோட எட்டு பைட் நம்பர் எப்பவும் ஈ0ன்னு ஆரம்பிக்கணும். ஈ0 கடைசியில வந்தா ரீடர் தலைகீழா படிக்குது. என்எக்ஸ்பி கம்பெனியோட ஏழு பைட் கார்டு 04ல ஆரம்பிக்கும்.

5. மைனஸ் நம்பர் வந்தா பதறாதே

பழைய சாஃப்ட்வேர்ல ஒரு நாள் –1819848407ன்னு ஒரு கார்டு நம்பர் பார்த்தேன். கார்டுக்கு ஏது மைனஸ்? அந்த சாஃப்ட்வேர் 2147483647க்கு மேல எண்ணத் தெரியாதது. அதைத் தாண்டினா மைனஸ் பக்கம் போய் நிக்கும். 4294967296ஐக் கூட்டினா 2475118889. மேல பார்த்தோமே, அதே கார்டு!

எக்செல்லோட 'ஹெக்ஸ்2டெக்'குக்கும் இந்த வியாதி உண்டு. பத்து இலக்க ஹெக்ஸ் கொடுத்து, முதல் இலக்கம் 8 அல்லது அதுக்கு மேலன்னா மைனஸ்ல விடை சொல்லும். அதனால கடைசி எட்டு இலக்கத்தை மட்டும் வெட்டிக் கொடு.

6. எக்செல் உதவின்னு வந்து உபத்திரவம் பண்ணும்

எக்செல்லைப் பொறுத்தவரை கார்டு நம்பரும் தக்காளி விலையும் ஒண்ணுதான். முன்னாடி இருக்கிற சைபரைத் தின்னுடும்: 0009183746 வெறும் 9183746 ஆயிடும். 3412ஈ217னு ஒரு ஹெக்ஸ் நம்பரைப் போட்டா, நடுவுல இருக்கிற ஈ-யைப் பார்த்துட்டு விஞ்ஞானக் கணக்குன்னு நினைச்சு 3.41ஈ+220ன்னு காட்டும். சேவ் பண்ணினா பழைய நம்பர் திரும்ப வராது. பதினஞ்சு இலக்கத்துக்கு மேல போன எண்ணுல மீதியை எல்லாம் சைபர் ஆக்கிடும்.

இதுக்கு வழி: நம்பர் போடறதுக்கு முன்னாடியே அந்தக் காலம் முழுசையும் செலக்ட் பண்ணி 'டெக்ஸ்ட்'னு மாத்து. போட்ட பிறகு மாத்தினா போன சைபர் வராது. டிவைஸ்ல இருந்து இறக்கின சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்கவே திறக்காதே. வெறும் எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' மெனு வழியா உள்ளே கொண்டு வந்து, கார்டு நம்பர் காலத்துக்கு டெக்ஸ்ட்னு சொல்லு. சந்தேகம் வந்தா நோட்பேடுல திறந்து பாரு. அது எதையும் மாத்தாம உள்ளதை உள்ளபடி காட்டும்.

கார்டு நம்பரை நீ கூட்டப்போறதில்லை, கழிக்கப்போறதில்லை. அது பேரு. பேரை எழுத்தாத்தானே எழுதுவோம்?

7. யூஎஸ்பி ரீடர் ஒரு கீபோர்டு

மேஜை ரீடருக்கு டிரைவர் எதுவும் போடலையே, எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டியே. கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டுன்னு நினைச்சுக்குது. கார்டைக் காட்டினா அது நம்பரை டைப் பண்ணி என்டர் தட்டும். கர்சர் எங்கே நிக்குதோ அங்கே விழும். சம்பள ஷீட்டுல கர்சரை வச்சுட்டு யாரோட கார்டையாவது காட்டினா, அவங்க கார்டு நம்பர் சம்பளமா ஏறிடும். சிரிக்காதே, நடந்திருக்கு.

இன்னொண்ணு, தமிழ்99ல லெட்டர் அடிச்சுட்டு அப்படியே கார்டு காட்டினேன்னா 8சி2202 வர வேண்டிய இடத்துல 8ஒ2202ன்னு வரும். ஏன்னா தமிழ்99ல அந்த சி கட்டைதான் ஒ. கார்டுல தமிழ் எழுத்தா வருதுன்னு ஒருத்தர் டீலருக்கு ஃபோன் போட்டுட்டார். என்ரோல் பண்றதுக்கு முன்னாடி கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாத்திக்கோ.

8. பச்சையும் வெள்ளையும் மாறியிருக்கான்னு பாரு

கேட் ரீடர்ல இருந்து கன்ட்ரோலர் பெட்டிக்குப் போற ஒயர்ல பச்சை, வெள்ளைன்னு ரெண்டு டேட்டா ஒயர் இருக்கும். இந்த முறைக்கு வீகண்ட்னு பேரு. பச்சை பூஜ்யத்தைச் சொல்லும், வெள்ளை ஒண்ணைச் சொல்லும். எலக்ட்ரீஷியன் மாத்திச் சொருகினா எல்லா பூஜ்யமும் ஒண்ணாகி, எல்லா ஒண்ணும் பூஜ்யமாகிடும். ஒழுங்கா சரிபார்க்கிற பெட்டி அந்தக் கார்டை ஏத்துக்கவே ஏத்துக்காது. சரிபார்க்காத பெட்டியில 8706 இருக்க வேண்டிய இடத்துல 56829 வரும். ரெண்டையும் கூட்டிப் பாரு: 65535. கூட்டுத்தொகை அப்படி அமைஞ்சா சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிடாதே, ஸ்க்ரூ டிரைவரோட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

9. பாதி மட்டும் படிக்கிற ரீடர்தான் ஆபத்து

ரீடர் மாத்திச் சொல்றதை எல்லாம் கணக்குப் போட்டுத் திருப்பிடலாம். வெட்டி எறிஞ்சதை மட்டும் திருப்ப முடியாது. பழைய ரீடர்கிட்ட ஏழு பைட் கார்டைக் காட்டினா சிலது முதல் கட்டத்தோட நின்னு 88 04ன்னு ஆரம்பிக்கிற நாலு பைட்டைக் கொடுக்கும். அந்த 88 கார்டோட நம்பரே இல்லை, 'இன்னும் இருக்கு'ங்கற அடையாளம். வரிசையா பல கார்டு 8804ன்னு ஆரம்பிச்சா அந்த ரீடரை என்ரோலுக்குத் தொடாதே. அதே மாதிரி யாராவது கார்டுக்குப் பதில் ஃபோனைக் காட்டினா, பெரும்பாலும் 08ல ஆரம்பிக்கிற நம்பர் ஒவ்வொரு தடவையும் புதுசு புதுசா வரும். அதைப் பதியாதே.

இதுல என் கதை ஒண்ணு இருக்கு. நான் முதல்ல இருந்த மில்லுல சாஃப்ட்வேர் கமாவுக்குப் பின்னாடி இருக்கிற அஞ்சு இலக்கத்தை மட்டும்தான் வச்சுக்கும். முதல் தடவை வாங்கின கார்டெல்லாம் 140ல ஆரம்பிச்சதால ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது தடவை வந்தது 152. ஸ்பின்னிங்ல ஒரு அக்காவுக்கு 140,08706. வைண்டிங்ல புதுசா சேர்ந்த அக்காவுக்கு 152,08706. முழுசாப் பார்த்தா 9183746, 9970178னு ரெண்டும் தனித்தனி. சாஃப்ட்வேருக்கு ரெண்டு பேரும் 08706.

புது அக்கா வைக்கிற பஞ்செல்லாம் பழைய அக்கா டோக்கன்ல விழுந்தது. மாசக் கடைசியில புது அக்கா மஸ்டர்ல ஆப்சென்ட். சம்பளச் சீட்டைக் கையில பிடிச்சுட்டு டைம் ஆபீஸ் ஜன்னல்ல வந்து நின்னாங்க. "தினமும் வச்சேன்மா, பீப் சத்தம்கூட வந்துச்சு"ன்னாங்க. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "நீங்க பஞ்ச் வைக்க மறந்திருப்பீங்க"ன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்கற நினைப்பு. அவங்க ஒண்ணும் பேசாம திரும்பிப் போனாங்க.

நாலு நாள் கழிச்சு வேற வேலையா ரா டேட்டா பார்த்துட்டிருந்தேன். ஒரே டோக்கன்ல காலை ஷிப்டுக்கும் உள்ளே, நைட் ஷிப்டுக்கும் உள்ளேன்னு பஞ்ச். எந்த மனுஷியும் அப்படி வேலை பார்க்க முடியாது. அப்பத்தான் ரெண்டு கார்டையும் வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். சம்பளம் அடுத்த வாரம் சேர்ந்து வந்துடுச்சு. ஆனா நான் சொன்ன அந்த வார்த்தையை எந்த ஃபார்முலா போட்டும் திருப்ப முடியலை.

10. வீட்டுக்குள்ள ஒரே பேரு

எத்தனை ரீடர் எப்படிச் சொன்னாலும் உன் லிஸ்ட்ல ஒரே வடிவம்தான் இருக்கணும். நான் வச்சிருக்கிற வழக்கம் இது: ஹெக்ஸ், பெரிய எழுத்து, நடுவுல இடைவெளி இல்லை, முன்னாடி சைபர் முழுசா நிரப்பினது, நேர் வரிசை, கிடைக்கிற முழு நீளம். மேல பார்த்த 140,08706 கார்டு இந்த வழக்கப்படி 41008சி2202. 125 ரகம்னா பத்து இலக்கம், மைஃபேர்னா எட்டோ பதினாலோ. கேட் ரீடர் இருபத்துநாலு பிட்டுதான் கொடுக்கும்னா, அதோட ஒப்பிடறதுக்கு மட்டும் கடைசி ஆறு இலக்கம்.

மாத்தற வேலையை ஒரே இடத்துல, நம்பர் உள்ளே நுழையும்போதே பண்ணிடு. ரிப்போர்ட்ல ஒரு தடவை, சம்பளத்துல ஒரு தடவைன்னு ஆங்காங்கே திருப்பினா, திருப்பினதையே திரும்பத் திருப்பி வச்சிருப்போம். ரீடர் முதல்ல கொடுத்தது எதுவோ, அதையும் மாத்தாம பக்கத்துக் காலத்துல வை. எந்த ரீடர், என்ன தேதின்னு கூட எழுது. நாளைக்கு உன் மாத்தல் தப்புன்னு தெரிஞ்சா திரும்பிப் போக வழி வேணும்.

புதுக் கார்டு ஆர்டர் போடும்போது டீலர்கிட்ட எந்த ரகம், ஃபெசிலிட்டி கோட் என்னன்னு கேட்டு வாங்கு. வந்த பெட்டியில இருந்து நாலு கார்டை எடுத்து எல்லா ரீடர்லயும் காட்டிப் பார்த்துட்டு அப்புறம் ஆளுக்குக் கொடு. வாரத்துக்கு ஒரு தடவை லிஸ்ட்ல ஒரே நம்பர் ரெண்டு டோக்கனுக்கு இருக்கான்னு 'டூப்ளிகேட் வேல்யூ' போட்டுப் பாரு. ரெண்டு நிமிஷ வேலை.

அஞ்சு கார்டு அட்டவணையை நல்லாப் பிரிண்ட் எடுத்து பீரோ கதவு உள்பக்கம் ஒட்டிடு. நீ லீவுல இருக்கும்போது உட்கார்ற பொண்ணு பதற வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. மாசச் சம்பளம் போட்ட மறுநாள் யாராவது ஜன்னல்ல வந்து நின்னு, "பஞ்ச் வச்சேன், விழலை"ன்னு சொன்னா, ஸ்க்ரீனைப் பார்க்கறதுக்கு முன்னாடி கையை நீட்டி, "கார்டைக் கொடுங்கக்கா, பார்க்கறேன்"னு சொல்லு.